'ராத்திரி எத்தனை பேர் இருப்பாங்க?' - முதியோர் இல்லத்தில் அப்பா, அம்மாவைச் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

திருமலைராயன்பட்டினத்தில் இது பழகிப்போன விஷயம்தான். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில், சித்தப்பா குடும்பம் பிரான்ஸில். ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும். ராத்திரியானால் ஒரு வீடியோ கால். "சாப்டீங்களாப்பா?", "ஆச்சு, நீ சாப்டியா?" எல்லாம் நன்றாகத்தான் போகும், ஒருநாள் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழும்வரை.

இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன். அல்லது ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் கை கால் வரவில்லை. அம்மாவுக்கே எழுபது வயது. அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க அவரால் முடியாது. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வந்த ஆயா பத்தாவது நாளே நின்றுவிடுகிறார். மகனுக்கு லீவு முடிய இன்னும் நாலு நாள். அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "கும்பகோணம் பக்கம் ஒரு ஹோம் இருக்காம். நல்லா பாத்துக்கிறாங்களாம்."

உடனே வாட்ஸ்அப்பில் போட்டோக்கள் வரும். தோட்டம், பிரார்த்தனைக் கூடம், டைனிங் ஹால், யோகா செய்யும் தாத்தா பாட்டிகள். கீழே ஒரு வரி: '24 மணி நேரக் கவனிப்பு'.

அந்த ஒரு வரியைத்தான் நிறுத்தி விசாரிக்க வேண்டும். பகலில் இல்லம் எப்படி இருக்கும் என்று போட்டோ சொல்லிவிடும். ராத்திரி எப்படி இருக்கும் என்று எந்த போட்டோவும் சொல்லாது. வயதானவர்களுக்கு ஆபத்து ராத்திரியிலும் நேரலாம்.

நர்சிங் ஹோமா, முதியோர் இல்லமா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் 'நர்சிங் ஹோம்' என்றால், தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாதவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் இடம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம், ஆபரேஷன், டிஸ்சார்ஜ், அவ்வளவுதான்.

வெளிநாட்டு நர்சிங் ஹோம் செய்யும் வேலையை இங்கே செய்வது பெரும்பாலும் முதியோர் இல்லங்கள். ஆரம்பத்தில் ஆதரவில்லாதவர்களுக்குச் சாப்பாடும் இடமும் கொடுக்க வந்தவை இவை. இன்று அதே இல்லங்களில் யூரின் டியூப் போட்டவர்கள், மூக்கு வழியாக உணவு போகிறவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எல்லாரும் தங்குகிறார்கள். வேலை ஆஸ்பத்திரி வேலை. ஆனால் பெயர் இல்லம். இங்கேதான் சட்டத்தில் ஓட்டை விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பதிவுச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1997-ல் வந்த தனிச் சட்டம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால், 2010-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டம். வாஞ்சூர் தாண்டி நாகூர் போனால் மாநிலம் மட்டுமல்ல, சட்டமும் மாறிவிடுகிறது. ஆனால் இந்த இரண்டு சட்டங்களும் சிகிச்சை தரும் இடங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கின்றன. 'நாங்க ட்ரீட்மென்ட் எதுவும் கொடுக்கல, தங்க வெச்சிருக்கோம், அவ்வளவுதான்' என்று ஓர் இல்லம் சொன்னால் அது நழுவிவிட வாய்ப்பிருக்கிறது.

முதியோருக்கென்றே உள்ளது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. இதன் 19-வது பிரிவு, ஏழை முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும் அளவுக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அரசு அமைக்கலாம் என்கிறது. இல்லங்களின் தரத்தை வரையறுக்கும் திட்டத்தையும் மாநில அரசே வகுக்கலாம். இல்லத்தில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், ராத்திரி நர்ஸ் வேண்டுமா என்பதை அந்தச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை.

இதைச் சரிசெய்ய 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. இல்லங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரத்தை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. நிறைவேறவில்லை. 2024-ல் மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதியானது.

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அறிவிப்பு விடுகிறார்கள். மனநோய் உள்ளவர்களைத் தங்க வைத்தால், 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். ஆகவே 'ரிஜிஸ்டர்டு' என்று போர்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்தச் சட்டத்தில், எந்தத் தேதி வரை என்று கேட்க வேண்டும். டிரஸ்ட் பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது அறக்கட்டளைக்கான பதிவு, இல்லத்துக்கானது அல்ல.

விழுப்புரத்தில் நடந்தது

இதெல்லாம் காகித விவகாரம் என்று தோன்றலாம். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தை நினைத்துப் பாருங்கள். திருப்பூரைச் சேர்ந்த ஒரு முதியவர் 2021 டிசம்பரில் அங்கே சேர்க்கப்பட்டார். அவருடைய உறவினர் இருந்தது அமெரிக்காவில். பிறகு ஊருக்கு வந்து தேடியபோது ஆள் அங்கே இல்லை. பெங்களூருவில் உள்ள வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான், 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் போனார்கள். உரிய உரிமம் இல்லாமல் நடந்தது தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். பாலியல் வன்முறை உட்பட கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன, கைதுகள் நடந்தன, வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. குற்றச்சாட்டுகளை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்கு இதில் உள்ள பாடம் ஒன்றுதான்: தேடி வர ஓர் ஆள் இருந்ததால்தான் கதவு திறந்தது.

இன்னும் இரண்டு சம்பவங்கள். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் மனநல விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போது அதிகாலை. 2023 ஜனவரி 1, டெல்லி கிரேட்டர் கைலாஷ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தீ. மூதாட்டிகள் இருவர் இறந்தார்கள். அதுவும் அதிகாலைதான். ஒன்று ஓலைக் கொட்டகை, இன்னொன்று தலைநகரின் வசதியான பகுதி. இரண்டிலும் பொதுவானது, ஆட்கள் குறைவாக இருக்கும் அந்த நேரம்.

ராத்திரிக் கணக்கு

தீ என்றைக்கோ ஒருநாள் வருவது. ஒவ்வொரு ராத்திரியும் நடப்பது வேறு.

படுத்தே இருப்பவருக்கு வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் உடம்பின் எடை அழுத்தி ரத்த ஓட்டம் நின்றுபோகும். முதலில் தோல் சிவக்கும், பிறகு தோல் உரியும், கவனிக்காவிட்டால் எலும்புவரை குழி விழும். இதுதான் படுக்கைப் புண். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்தைவிட முக்கியமான தடுப்பு, ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது. பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. நல்ல ஏர் பெட் இருந்தால் சிலருக்கு இடைவெளியை டாக்டர் கூட்டலாம். ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சு, இனி திருப்பவே வேண்டாம் என்பது தவறு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஓர் இல்லத்தில் 20 பேர் படுத்த படுக்கை. இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை 8 மணி நேரம். 2 மணிக்கு ஒருமுறை என்றால் ஒருவரை 4 தடவை, 20 பேரை 80 தடவை திருப்ப வேண்டும். டயப்பர் பார்ப்பது, துடைப்பது, ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது என்று ஒரு தடவைக்கு 10 நிமிடம் வைத்தால் 800 நிமிடம். ஒரு பணியாளரிடம் இருப்பதோ 480 நிமிடம்தான். அதுவும் அவர் உட்காராமல், கண் அசராமல் இருந்தால்.

கனமான ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். எல்லாருக்கும் அப்படி என்றால் 1,600 நிமிடம். மூன்று பேர் வைத்தாலும் போதாது.

எனவே 20 படுக்கை நோயாளிகள் உள்ள இல்லத்தில் 'ராத்திரி ஒரு ஆயா இருக்காங்க' என்று சொன்னால், புரிந்துகொள்ளுங்கள்: அங்கே எல்லாரையும் நேரத்துக்குத் திருப்பிப் போடுவதில்லை. அந்த ஆயா கெட்டவர் என்பதல்ல. பாவம், அவரால் முடியாது. குறைந்த சம்பளத்தில், முதுகு ஒடியும் வேலையைத் தனியாகச் செய்யும் பெண் அவர். இல்லத்தின் தரம் அவருடைய நல்ல மனதைப் பொறுத்ததல்ல, அவருடன் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தூக்க மாத்திரை என்ற குறுக்கு வழி

ஆள் போதாத இடத்தில் இன்னொன்றும் நடக்கும். மறதி நோய் உள்ளவர்கள் சிலருக்குச் சாயங்காலத்துக்கு மேல் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நடப்பார்கள், சத்தம் போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை என்றால், சுலபமான வழி ஒரு மாத்திரை. இல்லாவிட்டால் ஒரு துணியால் கட்டிலோடு கட்டிவிடுவது.

இரண்டுமே ஆபத்து. மறதி நோய் உள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. நர்சிங் ஹோமில் ஊழியர்களின் வசதிக்காக யாரையும் கட்டிப்போடவோ, மருந்து கொடுத்து முடக்கவோ கூடாது என்று அமெரிக்கா 1987-லேயே சட்டம் போட்டுவிட்டது.

இதில் இன்னொரு விஷயம். நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென உளறினால், அது வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, புதிய மாத்திரை என்று காரணம் ஏதாவது இருக்கும். வயதானால் தாகம் தெரிவது குறைந்துவிடும். கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். உளறலுக்கு முதலில் தேவை டாக்டர், தூக்க மாத்திரை இல்லை.

காசு அதிகம் கொடுத்தால் கவனிப்பு அதிகமா?

காரைக்காலில் பிரான்ஸ் உறவுள்ள குடும்பங்கள் ஓர்ப்பேயா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிரான்ஸின் பெரிய முதியோர் இல்ல நிறுவனங்களில் ஒன்று. 2022 ஜனவரியில் விக்டர் காஸ்தானே என்ற பத்திரிகையாளர் எழுதிய புத்தகம், மாதத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ வாங்கும் இல்லத்திலேயே முதியவர்களுக்கு டயப்பரும் உணவும் எண்ணி எண்ணிக் கொடுக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டியது. அரசு விசாரணை வந்தது. பங்கு விலை சரிந்தது. நிறுவனம் 2024-ல் பெயரையே எமேய்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

அங்கேயே அப்படி என்றால், மார்பிள் தரையையும் ஏசியையும் பார்த்து நாம் முடிவெடுக்க முடியாது. ஆனால் அங்கே கேள்வி கேட்க ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒவ்வொரு இல்லத்தையும் ஆய்வு செய்து தரம் பிரிக்கிறார்கள். அந்தத் தரத்தை வாசலிலேயே ஒட்டி வைக்க வேண்டும். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் நர்சிங் ஹோம் நடத்த முடியாது. இங்கே அந்த ஆய்வாளர் வேலையைக் குடும்பம்தான் செய்தாக வேண்டும்.

நேரில் போனால் என்ன பார்ப்பது?

ஆபீஸ் ரூமில் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். இவற்றைக் கேளுங்கள், பாருங்கள்:

1. மொத்தம் எத்தனை பேர், அதில் படுத்த படுக்கை எத்தனை பேர், ராத்திரி எத்தனை பணியாளர்? இந்த மூன்று எண்களையும் ஒன்றாகக் கேளுங்கள். ராத்திரி இருப்பவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ் யார்?

2. படுக்கை நோயாளியின் கட்டில் பக்கத்தில் சார்ட் இருக்கிறதா? எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். பத்து நாளைக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் அது உட்கார்ந்து ஒரேயடியாக எழுதியது.

3. மூக்கை நம்புங்கள். ஒரு அறையில் சிறுநீர் வாடை வரலாம், இப்போதுதான் நடந்திருக்கும். வராண்டா முழுக்க வாடை என்றால் அது வழக்கம்.

4. பாத்ரூமைத் திறந்து பாருங்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, வெஸ்டர்ன் கமோடு, ராத்திரி எரியும் விளக்கு. பிபி மாத்திரை சாப்பிடுபவர் தூக்கத்தில் எழுந்ததும் தலைசுற்றி விழுவது அங்கேதான்.

5. படுக்கை நோயாளிகள் மாடியில் இருக்கிறார்களா? தீப்பிடித்தால் எப்படி இறக்குவீர்கள்? ஜன்னல் கம்பி, பூட்டிய கதவு, சாவி யாரிடம்?

6. மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா? எடை குறைந்துகொண்டே போனால் சாப்பாடு இறங்கவில்லை, அல்லது ஊட்டிவிட ஆள் இல்லை.

7. மூச்சுத்திணறல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவார்கள், உங்களுக்கு எத்தனை நிமிடத்தில் போன் வரும்? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. பார்க்க வரும் நேரம். 'ஞாயிறு மட்டும், சொல்லிட்டு வாங்க' என்பது நல்ல அறிகுறி இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வீடியோ காலை எப்போதும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி, காலை 11 மணிக்குக் காட்டும் முகம் வேறு. இரவு 8 மணி முகம் வேறு. மாதம் ஒருமுறை குதிகாலையும் முதுகையும் காட்டச் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்றால் ஊரில் இருக்கும் மாமாவோ, பழைய நண்பரோ நேரில் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரைப் பட்டியலை மாதாமாதம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்திருந்தால், எழுதியது யார், எதற்காக என்று கேளுங்கள்.

முக்கியமாக, உள்ளூரில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய் வர வேண்டும். விழுப்புரம் சம்பவம் சொல்வது அதைத்தான்.

பிரச்சினை என்றால் எங்கே போவது?

மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை, தினமும் காலை 8 முதல் இரவு 8 வரை. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

பணம் கட்டி வாங்கும் சேவை என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். இல்லம் வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதற்குத்தான் ரசீதும், என்னென்ன செய்வோம் என்று எழுதிய ஒப்பந்தமும் தேவை. உடல்நலம் குன்றித் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது பாரதிய நியாய சன்ஹிதா 357-வது பிரிவில் குற்றமும்கூட.

2007 சட்டம் பிள்ளைகள் பக்கமும் திரும்பும். பராமரிக்காத பிள்ளைகள் மீது பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தாங்கள் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம், பிள்ளைகள் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பராமரிப்புத் தொகைக்கான உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். பொறுப்பில் உள்ளவர் ஒரு முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால், 24-வது பிரிவுப்படி 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சேர்த்துவிட்டு போன் நம்பரை மாற்றிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊர் என்ன சொல்லும்?

நம் ஊரில் இன்னும் பெரிய தடை இதுதான். 'பெத்தவங்கள ஹோம்ல விட்டுட்டான்' என்ற பேச்சு. அதற்குப் பயந்து, தூக்க ஆளில்லாத வீட்டிலேயே படுக்கைப் புண்ணோடு அப்பாவை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலர் யாருக்கும் தெரியாமல் தூரத்து ஊரில் சேர்க்கிறார்கள். யாருக்கும் சொல்லாததால் யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை. கேள்வி கேட்டால் 'அப்ப நீங்களே வெச்சுப் பாத்துக்கங்க' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. மோசமான இல்லத்துக்கு இதைவிட வசதி எதுவும் இல்லை. வெட்கப்படுகிற குடும்பம் கணக்குக் கேட்காது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2050-ல் சுமார் 34.7 கோடி பேர், அதாவது ஐந்தில் ஒருவர் என்று 2023-ல் வெளியான இந்திய முதுமை அறிக்கை கணிக்கிறது. அதில் இன்று நடுத்தர வயதில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களும் உண்டு. வீட்டில் ஆள் இல்லாதபோது நல்ல இல்லத்தைத் தேடுவது பாவம் இல்லை. விசாரிக்காமல் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

சேர்க்கப் போகும் இல்லத்துக்கு, முடிந்தால், ஒருநாள் இரவு 9 மணிக்கு மேல் போய் வாசலில் நின்று பாருங்கள். பெல் அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், உள்ளே விளக்கு எரிகிறதா, யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களா? அங்கே அப்பா கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பத்து நிமிடமே சொல்லிவிடும்.